ஒரு இடைவெளியை மாற்றினால் என்ன ஆகிவிடும் என்று கேட்பவர்களுக்கு



நீளமான பதிவு. கணனி என்றாலே கடந்து போகிறவர்கள் நடுவில் வருகிற அடையாள அட்டைக் கதையையாவது வாசித்துவிட்டுப் போங்கள். அது உங்கள் பொக்கெற்றில் இருக்கிற விசயம்.

என்னிடம் படித்த பிள்ளை ஒருவர் இப்போது கொழும்பில் மென்பொருள் எழுதுகிறார். போன கிழமை போனில் சொன்னார்: “சேர், திகதியை எழுத்தாக்கித் தாற நூலகம் ஆக்கள் கண்ணால பாக்கிறதுக்கு. அந்த எழுத்தைத் திரும்ப வாசிச்சுக் கணக்குப் பாக்கிற புரோகிராம் எழுதினவன்ரதான் பிழை. நூலகக்காரர் விரும்பின நேரம் வடிவத்தை மாத்தலாம். மற்றவன் தன்ர கோடைத் திருத்தட்டும்.”

அவர் மட்டும் சொல்லவில்லை. அந்தத் துறையில் பெரிய ஆட்களும் இதையே சொல்கிறார்கள். நான் ஏற்கவில்லை. போனில் முழுதாகச் சொல்ல முடியாமல் போனதை இங்கே எழுதுகிறேன்.

முதலில் எதைப் பற்றிப் பேசினோம் என்று சொல்ல வேண்டும். உங்கள் போன் திகதியையும் நேரத்தையும் உங்கள் மொழியில் காட்டுகிறது. தமிழில் மாதத்தின் பெயர் என்ன, ஆங்கிலத்தில் நாள் முதலா மாதம் முதலா என்ற விபரங்களை ஒவ்வொரு கம்பனியும் தனித்தனியாகத் தேடி வைப்பதில்லை. யுனிகோட் அமைப்பு சிஎல்டிஆர் என்ற பெயரில் ஒரு பொதுத் தொகுப்பை வைத்திருக்கிறது. ஜாவா, குரோம், பயர்பொக்ஸ், அண்ட்ரொயிட், ஐபோன் எல்லாம் அங்கிருந்துதான் எடுக்கின்றன.

2022 ஒக்டோபரில் அதன் 42ஆம் பதிப்பு வந்தது. ஆங்கில நேர வடிவத்தில் ஒரு மாற்றம். 3:15 என்பதற்கும் பி.எம். என்பதற்கும் நடுவில் இருந்த சாதாரண இடைவெளியை எடுத்துவிட்டு, ஒடுக்கமான, வரி உடையாத இடைவெளி ஒன்றைப் போட்டார்கள். நோக்கம் நல்லதுதான். பி.எம். மட்டும் தனியாக அடுத்த வரியில் போய் விழக் கூடாது. திரையில் பார்த்தால் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. ஆனால் கணனிக்குச் சாதாரண இடைவெளி என்பது 32ஆம் இலக்க எழுத்து. புதியது 8239ஆம் இலக்க எழுத்து. ஒன்று ‘அ’ என்றால் மற்றது ‘ஹ’ என்கிற அளவுக்கு வேறு.

இது குரோமுக்கும் நோட் என்ற ஜாவாஸ்கிரிப்ட் தளத்துக்கும் வந்து சேர்ந்தபோது, நேரத்தை இடைவெளியில் பிரித்து வாசித்த புரோகிராம்கள் விழுந்தன. தானே எழுதிய நேரத்தைத் தானே திரும்ப வாசிக்க முடியாமல் ‘செல்லாத திகதி’ என்று நின்றன. ஒரு வரி கோட்டைக்கூட யாரும் மாற்றவில்லை. உலாவி தன்னைத்தானே புதுப்பித்துக்கொண்டது, அவ்வளவுதான். 2023 தொடக்கத்தில் குரோமும் பயர்பொக்ஸும் அவசரமாக ஒட்டுப்போட்டுப் பழைய இடைவெளியையே திருப்பிக் கொடுத்தன. ஜாவா திருப்பிக் கொடுக்கவில்லை. 2023 மார்ச்சில் ஜாவா 20 புது இடைவெளியோடு வந்தது. தளர்வான முறையில் வாசிக்கும்போது எந்த இடைவெளியையும் ஏற்கலாம் என்ற வசதி 2024இல் ஜாவா 23இல்தான் வந்தது.

இப்போது என் மாணவரின் வாதத்துக்கு வருவோம். ‘அந்த எழுத்தை வாசிக்கச் சொல்லி யாரும் சொல்லவில்லை. இயந்திரம் வாசிக்க வேண்டுமென்றால் ஐஎஸ்ஓ 8601 இருக்கிறது, ஆண்டு முதல், பிறகு மாதம், பிறகு நாள்.’ உண்மை. அந்தத் தரம் 1988இலிருந்து இருக்கிறது. நானும் பிள்ளைகளுக்கு அதைத்தான் படிப்பிக்கிறேன். ஆனால் ‘நாங்கள் வாக்குறுதி தரவில்லை’ என்பது பொறுப்பிலிருந்து விலகுவதற்குப் போதுமா?

அக்கராயன் குளத்து வாய்க்கால் வரம்பு நடக்கிறதுக்காகக் கட்டினது இல்லை. தண்ணீரை மறிக்கக் கட்டினது. ஆனால் காலையில் பிள்ளைகள் அதில்தான் பள்ளிக்கூடம் வருகிறார்கள், ஆட்கள் அதில்தான் சைக்கிள் உருட்டுகிறார்கள். ஒருநாள் இரவு அதை வெட்டிவிட்டு, காலையில் விழுந்த பிள்ளையைப் பார்த்து ‘இது பாதை என்று போர்ட் போட்டோமா?’ என்று கேட்டால் ஊர் விடுமா? வெட்ட வேண்டிய தேவை வரலாம். வெட்டுகிறவர் முதல் நாள் சொல்லவேண்டும், ஒரு தென்னங்குற்றியாவது குறுக்கே போடவேண்டும்.

மென்பொருள்காரருக்கே இது தெரியும். கூகிளில் வேலை செய்த ஹைரம் ரைட்டின் பெயரால் ஒரு விதி சொல்வார்கள்: பாவிக்கிறவர்கள் போதிய அளவு கூடினால், நீ வாக்குறுதி தந்தாயோ இல்லையோ, வெளியே தெரிகிற ஒவ்வொரு நடத்தையிலும் யாரோ ஒருவர் தங்கியிருப்பார். விதியைச் சிரித்துக்கொண்டே சொல்கிறார்கள். பிறகு விழுந்தவனைப் பார்த்துப் பிழை உன்னுடையது என்கிறார்கள்.

சரி, அடையாள அட்டை.

எங்கள் நாட்டில் தேசிய அடையாள அட்டை 1972இலிருந்து வருகிறது. பழைய இலக்கம் 9 இலக்கமும் கடைசியில் ஓர் ஆங்கில எழுத்தும், வி அல்லது எக்ஸ். முதல் இரண்டு இலக்கம் பிறந்த ஆண்டு. அடுத்த மூன்று, அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது. பெண் என்றால் அந்த எண்ணோடு 500 கூட்ட வேண்டும். (ஆண் மட்டும் ஏன் சும்மா இருக்கிறான், பெண்ணுக்கு ஏன் கூட்டல் என்பதைப் பற்றிக் கோபப்பட வேறு பதிவு வேண்டும்.) ஆக அது வெறும் இலக்கம் அல்ல. அது எழுதப்பட்ட ஒரு திகதி. 85561 என்று தொடங்கினால் 1985 மார்ச் 1இல் பிறந்த ஒரு பெண்.

இரண்டு இலக்க ஆண்டு ஒருநாள் இடிக்கும் என்பது தொடக்கத்திலேயே தெரிந்த விசயம். 2000இல் பிறந்த பிள்ளைக்கும் 1900இல் பிறந்த பாட்டனுக்கும் ஒரே 00. அந்த 2000ஆம் ஆண்டுப் பிள்ளைகள் 16 வயதை எட்டி அட்டைக்கு வரிசையில் வந்தது 2016இல். அதே ஆண்டு ஜனவரி 1இலிருந்து புதிய இலக்கம்: 12 இலக்கம், ஆண்டு நான்கு இலக்கத்தில், எழுத்து இல்லை.

கவனியுங்கள், எப்படி மாற்றினார்கள் என்று. பழைய இலக்கம் செல்லாது என்று சொல்லவில்லை. உங்கள் தாயின் பழைய அட்டையில் உள்ள இலக்கம் இன்றும் அவருடைய இலக்கம்தான். பழையதிலிருந்து புதிய வடிவத்துக்குப் போக ஒரு நிச்சயமான வழி இருக்கிறது: முன்னால் 19 போடு, நாளுக்குரிய மூன்று இலக்கத்துக்குப் பின்னால் ஒரு 0 போடு, கடைசி எழுத்தைத் தூக்கு. ஒரு பழைய இலக்கத்துக்கு ஒரே ஒரு புதிய வடிவம். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை கையால் செய்யலாம். பார்த்தவுடன் எது பழையது எது புதியது என்றும் தெரியும், நீளமே வேறு.

இன்னொன்று. நாள் எண்ணிக்கையில் ஒரு விசித்திரம் இருக்கிறது. எல்லா ஆண்டுக்கும் 366 நாள் என்று வைத்துத்தான் எண்ணுகிறார்கள். பெப்ரவரி 29 இல்லாத ஆண்டிலும் அதற்கு 60ஆம் இடம் ஒதுக்கியிருக்கும். அதனால் மார்ச் 1 எப்போதும் 61. 1985 நெட்டாண்டு இல்லை, கலண்டரில் விரலால் எண்ணினால் மார்ச் 1 அறுபதாவது நாள்தான், ஆனால் அட்டையில் 61. பிள்ளைகள் அட்டை இலக்கத்திலிருந்து பிறந்த திகதி எடுக்கிற புரோகிராம் எழுதும்போது சறுக்குகிற இடம் இதுதான். மார்ச்சுக்குப் பிறகு பிறந்தவர்களில் நாலில் மூன்று ஆண்டுக்காரருக்கு ஒருநாள் கூடக் காட்டும். 2016இல் இலக்கத்தையே மாற்றுகிறோம், இந்தக் கோணலையும் நிமிர்த்திவிடுவோம் என்று யாராவது ‘சுத்தம்’ செய்திருந்தால்? ஒரே 61, பழைய அட்டையில் ஒரு நாள், புது அட்டையில் வேறு நாள். நல்லவேளை, செய்யவில்லை. கோணல் கோணலாகவே தொடர்கிறது, யாருக்கும் பிறந்தநாள் மாறவில்லை.

எக்செலிலும் இதே கதை. அதன் கணக்கில் 60ஆம் நாள் 1900 பெப்ரவரி 29. அப்படியொரு நாள் உலகத்தில் வந்ததே இல்லை. லோட்டஸ் 1-2-3இல் இருந்த பிழை. அதன் கோப்புகள் ஒத்துப்போக வேண்டும் என்று தெரிந்துகொண்டே மைக்ரோசொப்ட் அதை வைத்திருந்தது, இன்றும் வைத்திருக்கிறது. திருத்தினால் உலகத்தில் உள்ள அத்தனை தாள்களிலும் திகதி ஒருநாள் நகரும்.

இவ்வளவு கவனமாகச் செய்த அட்டை மாற்றமே இடிபாடு இல்லாமல் நடக்கவில்லை. 10 எழுத்துக்கு மேல் தட்ட விடாத ஒன்லைன் படிவங்களோடு எங்கள் பிள்ளைகள் மல்லுக்கட்டினார்கள். கடைசியில் எழுத்து இல்லை என்று ஒரு படிவம் ஒரு மாணவியைத் திரும்பத் திரும்ப உதறியது. அவளிடம் இருந்ததோ அரசாங்கம் கொடுத்த சரியான அட்டை. முன்கூட்டி அறிவித்த, கண்ணுக்குத் தெரிகிற, திரும்பிப் போக வழியுள்ள மாற்றத்துக்கே இந்தப் பாடு என்றால், அறிவிப்பை யாரும் வாசிக்காத, கண்ணுக்கும் தெரியாத மாற்றத்துக்கு?

வன்னியில் இது வெறும் தொழில்நுட்ப விவாதம் இல்லை. இங்கே எத்தனை குடும்பங்கள் 2009இல் உடுத்த உடுப்போடு வந்து சேர்ந்தன என்று உங்களுக்குத் தெரியும். பிறப்புச் சான்றிதழ் போய், உத்தேச வயதுச் சான்றிதழ் எடுத்து, அதை வைத்து மற்றக் கடதாசிகளை ஒவ்வொன்றாகக் கட்டியெழுப்பியவர்கள். அவர்களுக்குத் தாங்கள் தாங்கள்தான் என்று காட்ட இருப்பது ஒரே விசயம்: எல்லாக் கடதாசியிலும் திகதி ஒன்றாக இருப்பது. ஒரு கடதாசியில் 2009.05.09 என்றும் இன்னொன்றில் 2009.09.05 என்றும் வந்துவிட்டால், பிழை விட்டது மென்பொருளாக இருக்கலாம், அலைகிறது தகப்பன். கிராம அலுவலர், சமாதான நீதவான், சத்தியக் கடதாசி, கிளிநொச்சிக்கு பஸ், ஒருநாள் கூலி.

இது கற்பனை இல்லை. மாணவர் விபரம் தட்டிய தாளைப் புதுக் கணனியில் திறந்தார்கள். அந்தக் கணனியில் அமெரிக்க முறை, மாதம் முதல். 12க்கு உட்பட்ட நாளில் பிறந்த பிள்ளைகளுக்கு நாளும் மாதமும் இடம் மாறின. 13க்கு மேல் பிறந்தவர்களுக்கு மாறவில்லை, ஏனென்றால் 13ஆம் மாதம் இல்லை. பாதி சரி, பாதி பிழை. முழுக்கப் பிழைத்திருந்தால் அன்றே பிடித்திருப்பார்கள். கொஞ்சம் சரியாக இருந்ததால்தான் பட்டியல் மேலே போனது.

திகதி மாறுகிறது என்பதை இந்த மண் ஒரு தரம் பெரிதாகவே அனுபவித்திருக்கிறது. 1996 மேயில் அரசாங்கம் நாட்டின் நேரத்தை ஒரு மணி முன்னால் தள்ளியது. ஒக்டோபரில் அரை மணி குறைத்தது. வன்னி இரண்டையும் ஏற்கவில்லை, பழைய நேரத்திலேயே இருந்தது. 2006 ஏப்ரலில் கொழும்பு பழைய நேரத்துக்குத் திரும்பும் வரை ஒரே நாட்டில் இரண்டு நேரம். ஓமந்தையைக் கடக்கிறவர்கள் ‘புது நேரமா பழைய நேரமா’ என்று கேட்டுத்தான் நாள் குறித்தார்கள். அந்தக் காலத்தில் அக்கராயனில் இரவு 11.45க்குப் பிறந்த பிள்ளை, கொழும்புக் கணக்கில் அடுத்த நாள் 12.15க்குப் பிறந்த பிள்ளை. திகதியே வேறு. இன்றைக்குக் கணனிகள் பாவிக்கிற நேரவலயத் தொகுப்பில் கொழும்பு என்ற ஒரே பெயருக்குக் கீழ்தான் முழு இலங்கையும் இருக்கிறது. 1999இல் வன்னியில் எழுதிய நேரத்தை அதன்படி மாற்றினால் அரை மணி பிழைக்கும்.

நான் அந்தக் காலத்தில் இங்கே இல்லை. 1990க்குப் பிறகு எங்கள் ஆட்கள் எங்கே இருந்தார்கள் என்பது தெரிந்ததுதான். நான் வளர்ந்தது புத்தளத்தில், கொழும்பு நேரத்தில். இன்று எங்கள் ஆசிரியர் அறையில் பக்கத்துக் கதிரையில் இருப்பவர் பழைய நேரத்தில் வளர்ந்தவர். இரண்டு பேருடைய பழைய நினைவுகளையும் ஒரே கடிகாரத்தில் வைத்தால் ஒத்துவராது. எந்த நேரம் என்று பெயர் சொல்லி எழுதியிருந்தால் ஒத்துவரும்.

நான் சொல்ல வருவதும் அதுதான். புது வடிவம் வேண்டுமா, புதுப் பெயரில் கொடுங்கள். பழைய பெயரைக் கூப்பிட்டால் பழையதுதான் வரவேண்டும்.

இது நடக்காத காரியம் என்று சொல்லாதீர்கள். எங்களுக்கு நெருக்கமான உதாரணமே இருக்கிறது. மைக்ரோசொப்டின் டொட் நெட்டில் முதலில் இருந்தே ஹிஜ்ரி கலண்டர் ஒன்று இருந்தது, வாய்பாட்டுக் கணக்கு. பிறை பார்க்கிற ஊர்களுக்காக இரண்டு நாள் வரை முன்பின் நகர்த்தும் வசதியும் அதில் உண்டு. பிறகு சவூதியின் உம்முல் குரா கணக்கு தேவைப்பட்டது. ஹிஜ்ரியை எடுத்து உம்முல் குராவாக மாற்றியிருக்கலாம். அது திருத்தமானது என்று வாதமும் செய்திருக்கலாம். செய்யவில்லை. 2005இல் உம்முல் குரா என்ற பெயரில் தனிக் கலண்டராகக் கொடுத்தார்கள், பழையதைத் தொடவில்லை. கொழும்புப் பெரிய பள்ளிவாசலின் அறிவிப்பை எதிர்பார்த்து நோன்பு பிடிக்கிற எங்களுக்கு, ஒரு நாள் தானாக நகர்ந்தால் என்ன நடக்கும் என்று விளக்கத் தேவையில்லை.

பெயரை மாற்ற முடியாத இடமும் இருக்கும். அங்கே குறைந்தபட்சம் சத்தம் போட்டு உடையட்டும். ஜாவாஸ்கிரிப்டில் டேட்-எஃப்என்எஸ் என்றொரு நூலகம். 2019இல் அதன் இரண்டாம் பதிப்பு, வடிவக் குறிகளை யுனிகோட் முறைக்கு மாற்றியது. அதுவரை பெரிய எழுத்து ‘டி’ இரண்டு போட்டால் மாதத்தின் நாள். புதிய முறையில் அதே இரண்டு எழுத்துக்கு ஆண்டின் எத்தனையாவது நாள் என்று அர்த்தம், அடையாள அட்டையில் இருக்கிறதே அது மாதிரி. மார்ச் 5 என்று வரவேண்டிய இடத்தில் 64 வரும். ஜனவரியில் சோதித்தால் பிடிபடவே மாட்டாது, ஜனவரியில் இரண்டும் ஒன்றுதான்! அந்த நூலகக்காரர் என்ன செய்தார்கள் என்றால், பழைய குறியைக் கண்டால் பிழை என்று சொல்லி நின்றுவிடும்படி வைத்தார்கள். இந்த எழுத்தின் அர்த்தம் மாறிவிட்டது, தெரிந்துதான் பாவிக்கிறாயா என்று கேட்கும். ஆம் என்று தனியாகச் சொன்னால்தான் போகும். எனக்கு அந்த மாற்றமே பிடிக்கவில்லை. ஆனாலும் அவர்கள் யாருடைய திகதியையும் மௌனமாகப் பிழையாக்கவில்லை. அந்த 8239 செய்தது இதற்கு எதிர்மாறான வேலை.

நூலகம் எழுதுகிறவர்களில் நிறையப் பேர் சம்பளம் இல்லாமல் செய்கிறார்கள், எல்லாப் பழையதையும் காலமெல்லாம் சுமக்க முடியாது என்று என் மாணவர் சொன்னார். நியாயம். காலமெல்லாம் வேண்டாம். ஜாவா 2017இல் 9ஆம் பதிப்பில் தன் பழைய திகதித் தரவுகளை விட்டு சிஎல்டிஆருக்கு மாறியது. அப்போது பழையதே வேண்டும் என்பவர்களுக்கு ஒரு தெரிவு வைத்தார்கள். அதை எடுத்தது 2024இல். ஏழு வருடம். அதற்குள் தன் கோடைத் திருத்தாதவன் முறைப்பட்டால் நானும் அவனைத்தான் பேசுவேன்.

மாற்றமே வேண்டாம் என்கிற ஆள் நான் இல்லை. எனக்கே ஒரு மாற்றம் வேண்டும். போனில் தமிழைப் போட்டால் ஆகஸ்ட், அக்டோபர் என்று வருகிறது. நாங்கள் எழுதுவது ஓகஸ்ட், ஒக்டோபர். எங்கள் பாடப்புத்தகத்தில் அப்படித்தான், எங்கள் பிள்ளைகளின் சான்றிதழில் அப்படித்தான். இலங்கைத் தமிழ் என்று தெரிவு செய்தால் இலங்கைத் தமிழ் வரவேண்டாமா? இதைக் கேட்க எங்களுக்கு உரிமை உண்டு, கேட்கவும் வேண்டும். (யூலையா ஜூலையா என்று கீழே சண்டை தொடங்க வேண்டாம்.)

ஆனால் நாளைக்கே ஒருவர் ‘சரி’ என்று சொல்லி அந்தச் சொல்லை மாற்றினால், இன்று ‘ஆகஸ்ட்’ என்ற எழுத்தைத் தேடி வாசிக்கிற ஏதோ ஒரு கடையின் கணக்கு, ஏதோ ஒரு கிளினிக்கின் பதிவு ஓகஸ்ட் முதலாம் திகதி நிற்கும். எங்கள் ஆசை நிறைவேறியதற்கு யாரோ ஒரு நோயாளி திரும்பிப் போவார். ஆகவே முதல் பதிப்பில் இரண்டு சொல்லையும் வாசிக்கப் பழகட்டும், எழுதுவது பழையதாகவே இருக்கட்டும். விரும்பினவர் கேட்டால் புதியதை எழுதட்டும். இரண்டையும் வாசிக்கிற பதிப்பு எல்லாக் கைக்கும் போய்ச் சேர்ந்த பிறகு, எழுதுவதையும் மாற்றட்டும். அதற்கு மூன்று நான்கு வருடம் ஆகும் என்றால் ஆகட்டும். அதுவரைக்கும் ‘ஆகஸ்ட்’ என்று வாசிப்பதால் எனக்கு ஒரு குறையும் வந்துவிடாது.

தம்பி, இதை வாசிப்பீர் என்று தெரியும். பதிலைக் கீழேயே எழுதும், மற்றப் பிள்ளைகளும் பார்க்கட்டும்.